தோற்றவர்களையும் தன்வசப்படுத்திய தேர்வு

வணக்கம் நண்பர்களே. சீனாவில் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் சுய் அரசமரபில் தொடங்கி, இடையிடையே நின்று, 1905 வரை நடந்த அரசுத் தேர்வைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பிறப்பைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த முறை என்று அதைப் பாராட்டுவார்கள். பாராட்டட்டும். ஆனால் எந்தத் திறமையைச் சோதித்தார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

ஓர் அதிகாரி வரி வசூலிக்க வேண்டும், வழக்கு விசாரிக்க வேண்டும், வெள்ளம் வந்தால் கரையைக் காக்க வேண்டும். தேர்விலோ அவன் தலையெழுத்தைத் தீர்மானித்தவை கன்பூசிய நூல்கள். சுமார் நான்கு லட்சம் எழுத்துகளைச் சிறு வயதிலிருந்தே மனப்பாடம் செய்தாக வேண்டும். அந்த நூல்களுக்குச் சொந்தமாகப் பொருள் சொல்லவும் முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்பூசிய அறிஞர் ஜூ ஷி எழுதிய உரையே அளவுகோல் என்று 1313இல் ஆணை வந்தது. அதைப் பிறப்பித்தவர் மங்கோலியப் பேரரசர் என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்களுக்கும் இந்தத் தேர்வு தேவைப்பட்டிருக்கிறது.

மங்கோலியருக்குப் பின் வந்த மிங் அரசமரபின் காலத்தில், எட்டுப் பகுதிகளாக எழுத வேண்டிய எட்டு உறுப்புக் கட்டுரை என்ற வடிவம் இறுகியது. கன்பூசியஸ் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாரோ, அதை அவர் குரலிலேயே மாணவன் எழுத வேண்டும். என்னைப் பொறுத்தவரை மொத்த முறையின் உயிர்நாடி இதுதான். உன் கருத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஞானியின் வாயாக மாறிப் பேசத் தெரிந்தவனையே அரசு நம்பியது.

நடத்திய விதத்தில் இருந்த நேர்மையை நான் மறுக்கவில்லை. விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று, எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு தாளையும் படியெடுத்தார்கள். நான்ஜிங் தேர்வு வளாகத்தில் 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. ஏழைக்குக் கதவு திறந்திருந்தாலும், உழைக்கும் வயதுப் பிள்ளையைப் பல ஆண்டுகள் படிக்க வைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

1397இல் தலைநகர்த் தேர்வில் தேறிய ஐம்பத்துச் சொச்சம் பேரும் தெற்கத்தியர்கள். பேரரசர் கொதித்துப்போனார். மறுபடி சரிபார்த்தவர்கள் முடிவு சரியே என்றார்கள். பேரரசரின் கோபத்தில் சிலருக்கு உயிரே போனது. மறுதேர்வில் வடக்கத்தியர்களையே தேர்ந்தெடுத்தார்கள். 1420களில் வடக்குக்கும் தெற்குக்கும் தனித்தனி ஒதுக்கீடு வந்தது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வேண்டும், ஆனால் எல்லோரும் ஒரே பாடத்தில் வார்த்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதே அரசின் கணக்கு.

எனக்கு முக்கியமாகப் படுவது தோற்றவர்களின் கதை. மாகாணத் தேர்வில் நூற்றுக்கு ஓரிருவர் தேறினாலே பெரிது. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பி வாத்தியார்களாகவும் அதிகாரிகளின் எழுத்தர்களாகவும் குலவரலாறு எழுதுபவர்களாகவும் வாழ்ந்தார்கள். தேறியவன் மனப்பாடம் செய்த அதே நூல்கள் அவர்கள் நெஞ்சிலும் இருந்தன. அவர்களிடம் படித்த அடுத்த தலைமுறையும் அதையே படித்தது. சம்பளம் கொடுக்காமலேயே ஊர் ஊராக அரசுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

குவாங்சோவில் மீண்டும் மீண்டும் தோற்ற ஹொங் சியுச்சுவான் அப்படி அடங்கவில்லை. கன்பூசியஸை உதறி, தனக்கென ஒரு மதம் கண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனாவின் கடைசி அரசமரபான சிங் அரசை எதிர்த்துத் தைப்பிங் கலகத்தை நடத்தினார், கோடிக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனால் நான்ஜிங்கைப் பிடித்ததும் அவரது அரசு செய்த காரியங்களில் ஒன்று, தன் புதிய மதநூல்களை வைத்துத் தேர்வு நடத்தியது! பாடம் மாறியது, முறை மாறவில்லை.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவை ஆளும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க 1855இல் லண்டனில் தொடங்கிய ஐ.சி.எஸ். (இந்தியக் குடிமைப் பணி) போட்டித் தேர்வின் திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375. தமிழ் பட்டியலிலேயே இல்லை. ஆங்கிலேயக் கனவானின் படிப்பைப் படித்தவனே இந்தியாவை ஆளத் தகுந்தவன் என்று அங்கேயும் முடிவு செய்துவிட்டார்கள். 1922 வரை இந்தியாவில் அந்தத் தேர்வை எழுதவும் முடியாது.

சீனத்துக்கே வருகிறேன். 1905 செப்டம்பரில் சிங் அரசு தேர்வை ரத்து செய்தது. நவீனப் பள்ளிகளை வளர்க்க அது தேவை என்று நினைத்தார்கள். ஆனால் படித்த குடும்பங்களைத் தலைநகரோடு பிணைத்த ஏணியும் அதோடு போயிற்று. இளைஞர்கள் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே டோக்கியோவில், தேர்வு ரத்தானதற்கு முந்தைய மாதம்தான் சிங் ஆட்சியை வீழ்த்த முனைந்த புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் தன் புரட்சி அமைப்பைத் தொடங்கியிருந்தார். 1912இல் சிங் பேரரசர் முடி துறந்தார்.