காற்று வரும் பக்கம்

(திருகோணமலை உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சிறு விடுதி நடத்துவோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடுதி உரிமையாளர்களே, அறை பராமரிக்கும் சகோதரிகளே, குசினியில் நின்று வேலை செய்யும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆறு அறை, எட்டு அறை வைத்து நடத்துகிற உங்களிடம் ஒருவர் ஏன் வருகிறார்? பெரிய ஹோட்டலின் வசதிகள் இங்கே இருக்காது என்று தெரிந்தேதான் வருகிறார். நல்ல நித்திரை, உப்பைக் கழுவ நல்ல தண்ணீர், அன்று பிடித்த மீன், பயமில்லாமல் இறங்கக்கூடிய கடல். இந்த நாலும் ஒழுங்காகக் கிடைத்தால் அவர் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். இவற்றில் எதுவும் தானாக அமைவதில்லை. அதற்கான வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் காற்று. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறுகிற இடம் இதுதான். நம்முடைய கரைக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. காலியிலும் கொழும்பிலும் கடல் கொந்தளிக்கிற மாதங்கள் இவை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்து, சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது. அதுதான் கச்சான். இரவிலும் விடியற்காலையிலும் அது நிலப்பக்கமிருந்து வீசும். தரை நன்றாகச் சூடேறிய பிறகு கடற்காற்று எழுந்து கிழக்கிலிருந்து உள்ளே வரும். ஆக, ஒரே அறைக்குப் பகலில் ஒரு பக்கம் காற்று, இரவில் மறுபக்கம் காற்று.

இனி உங்கள் அறையை மனதில் கொண்டுவாருங்கள். கடல் பக்கம் அகலமான கண்ணாடிக் கதவு. பின்சுவர் முழுக்கக் குளியலறை. பகலில் வருகிற காற்றுக்கு வெளியேற வழியில்லை. இரவில் கச்சான் குளியலறை யன்னலால் நுழைந்து, அங்குள்ள ஈரத்தையும் நாற்றத்தையும் அள்ளிக்கொண்டு நேரே கட்டிலுக்கு வருகிறது. விருந்தாளி எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசியைப் போடுகிறார். மின்சாரக் கட்டணம் உங்கள் தலையில் விழுகிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் குளியலறையை அறையின் பக்கவாட்டில் ஒதுக்குங்கள். ஏற்கெனவே கட்டியவர்களுக்கும் வழி உண்டு. குளியலறையின் உட்கூரையை 2.1 மீற்றர் உயரத்தில் நிறுத்தி, அதற்கு மேலே பின்சுவரிலும் படுக்கையறைச் சுவரிலும் வலையடித்த துவாரம் விடுங்கள். காற்று குளியலறையைத் தொடாமலே அறைக்குள் இறங்கும்.

நாற்றம் என்றதும் பலர் செப்டிக் டாங்கைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் தரை வடிகால்தான். அதன் வளைவில் 50 மில்லிமீற்றர் அளவு தண்ணீர் நின்று, கீழேயுள்ள வாயுவை மேலே வரவிடாமல் அடைத்துக்கொண்டிருக்கும். ஆள் இல்லாத அறையில், கச்சான் வெயிலில், அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். பூட்டிக் கிடக்கும் ஒவ்வோர் அறையிலும் கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு வடிகாலுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மலசலகூடத்தையும் ஒருதரம் ஃபிளஷ் பண்ணுங்கள். வாசனைத் திரவியம் வாங்குகிற செலவு மிச்சம்.

அடுத்தது நுளம்பு. கட்டிலுக்கு மேலே அழகான வெள்ளை வலையைத் தொங்கவிட்டு, அதற்கும் மேலே மின்விசிறியைச் சுழல விடுகிறீர்கள். நெருக்கமான வலை காற்றை வெகுவாக மறித்துவிடும். விருந்தாளி வியர்த்துப் போய் வலையைத் தூக்கிப் போடுவார். வலைக்குள்ளே காற்று வரும்படி கட்டிலின் கால்மாட்டில் ஒரு சுவர் விசிறி பூட்டுங்கள். அதைவிட முக்கியம் யன்னல் வலை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகல் முழுக்க வராந்தாவில் புத்தகத்தோடு படுத்திருப்பவரைக் கட்டில் வலை காப்பாற்றாது. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் கடந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடவே எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருநாள் குறித்துக்கொண்டு, பூச்சாடித் தட்டு, ஏசித் தண்ணீர் வடிகிற வாளி, கவிழ்க்காத சிரட்டை, மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி என்று சுற்றிப் பாருங்கள்.

கறளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரீச்சிடும் பிணைச்சலும் இறுகிப்போன யன்னல் கொளுக்கியும் இரவு நித்திரையைக் கெடுப்பவை. துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் தருவது பெரும்பாலும் 304 ரகம். கடற்கரையில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும். மொலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் வருடா வருடம் கழற்றி மாற்றத் தேவையில்லை. ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் வைக்காதீர்கள். நிலப்பக்கம் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருதடவை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நன்னீரால் மெதுவாகக் கழுவுங்கள். உப்புப் படிந்த இடத்தில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்தால் தகடு மாவாக உதிரும்.

தண்ணீருக்கு வருவோம். நம் கிணறுகள் மணலுக்குள் நிற்கிற மழைநீரை நம்பியவை. நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் அது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். பெரிய மோட்டரை வைத்து ஒரு மணித்தியாலத்தில் தாங்கியை நிரப்புகிற வீடுகளில்தான் கிணறு முதலில் உவர்க்கிறது. சிறிய மோட்டர் போதும். இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். இடமிருந்தால் ஓர் ஆழமான கிணற்றுக்குப் பதில் ஆழம் குறைந்த இரண்டு கிணறு நல்லது. தண்ணீரில் உப்பு ஏறுவதைக் காட்டும் கடத்துதிறனை அளக்கிற சிறு கருவி கையடக்கமாகவே கிடைக்கிறது. கிழமைக்கு ஒருமுறை அளந்து, சுவரில் தொங்கும் கலண்டரிலேயே எழுதி வையுங்கள். ஓகஸ்ட் கடைசியில் எண் ஏறத் தொடங்கினால் இறைப்பைக் குறைக்க வேண்டும். சவர்க்காரம் நுரைக்காமல் போய், தேத்தண்ணீர் உவர்க்கிற வரைக்கும் காத்திருந்தால் பிந்திவிடும்.

சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 15 லீற்றர் வரை ஊற்றும். காற்றுக் கலக்கும் தலையைப் பூட்டினால் 8 லீற்றரில் அதே சுகம் கிடைக்கும். அறை வாசலில் கால் கழுவ ஒரு தாழ்ந்த பைப் வையுங்கள். மணல் வெளியிலேயே நின்றுவிட்டால் விரிப்பும் சுத்தமாக இருக்கும், வடிகாலும் அடைக்காது.

குசினிக்காரருக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சூரை, கும்பளா, அறக்குளா போன்ற மீன்களை வெயிலில் வைத்துவிட்டால், பக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கிவிடும். சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். ஹிஸ்டமின் உண்டான பிறகு பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் போகாது. மீன் மணக்காமலும் இருக்கலாம், அதுதான் ஆபத்து. ஆகவே கரையில் வாங்கும்போதே ஐஸ் பெட்டியோடு போங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று விருந்தாளியிடம் முதல் நாள் மாலையே கேட்டுவிட்டால், விடிய வள்ளம் வரும்போது அளவாக வாங்கலாம்.

கடலில் நான் பயப்படுவது அலையை அல்ல, அலையில்லாத காலையை. கச்சான் நிலத்திலிருந்து தள்ளுவதால் கரையோரம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். பிள்ளையைக் காற்று மெத்தையில் ஏற்றிவிட்டுத் தாய் படம் எடுப்பார். மெத்தை சத்தமில்லாமல் வெளியே போகும். கரையிலிருந்து தூரம் போகப் போகக் காற்றின் பலம் கூடும், கையால் துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. வாசலில் ஒரு கம்பத்தில் துணிக்கொடி கட்டுங்கள். கொடி கடலை நோக்கிப் பறந்தால் காற்று மெத்தையும் துடுப்புப் பலகையும் வெளியே போகக் கூடாது. இதை உங்கள் ஆட்கள் விருந்தாளியிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். திருக்கையோ முள்ளுள்ள வேறு மீனோ குத்தினால், குத்துப்பட்ட காலை 45 பாகைச் சூட்டு நீரில் வலி குறையும்வரை, 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத காலால் சோதித்துப் பாருங்கள். மூச்சுத் திணறினால், முள் நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டால் உடனே ஆஸ்பத்திரி.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கே ஆளை அனுப்பும்போது முதல் படகில் அனுப்புங்கள். கடற்காற்று எழுந்தபின் மேல்நீர் குலுங்கி, பழக்கமில்லாதவர்கள் பவளத்தின் மேல் கால் ஊன்றுவார்கள். கிளைப் பவளம் ஒரு மிதியில் முறிந்துவிடும். முதுகுக்கு வெயில் கிறீமைவிட நீளக்கைச் சட்டை நல்லது. கிறீம் போலச் சட்டை கழுவுப்பட்டுப் பவளத்தில் சேராது. சில சட்டைகளை வாங்கி இரவலுக்கு வையுங்கள்.

கடல் பக்க விளக்குகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, மஞ்சள் ஒளியாக்கி, மேலே மூடி போடுங்கள். ஆமைக் குஞ்சு வெளிச்சத்தை நம்பித் திசை மாறிவிடும். வராந்தாவில் இருப்பவருக்கும் நட்சத்திரம் தெரியும்.

நீச்சல்குளம் கட்டலாமா என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்று வைத்தால் நிரப்பவே ஏறத்தாழ 45,000 லீற்றர் வேண்டும். நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தாலும் 190 லீற்றருக்கு மேல் தினமும் ஊற்ற வேண்டும். வடிகட்டியைக் கழுவுகிற தண்ணீர் வேறு. இதெல்லாம் அதே மணற் கிணற்றிலிருந்து, மழை இல்லாத அதே மாதங்களில் வர வேண்டும். ஐம்பது அடி தூரத்தில் கடல் இருக்கிறது. எட்டு அறை விடுதிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசில் எல்லா அறைகளின் யன்னல் வலையையும் மாற்றி, பின்சுவர்த் துவாரங்களை வெட்டி, கூரை மழைநீரைச் சேர்க்க ஒரு தாங்கியும் கட்டலாம். நவம்பரில் மழை பிடிப்பதற்கு முன் தாங்கி வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பீலியை ஒக்டோபரிலேயே பூட்டிவிடுங்கள்.