மதில் பாசியை இரண்டு தடவை பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆனிச் சாரலில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை என்று நம் குமரி மாவட்டத்து மதில்கள் வருஷத்தில் இரண்டு முறை பச்சை கட்டும். எல்லாவற்றையும் பாசி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கிணற்றடியில் காலை வாரிவிடுகிற வழுவழுப்பு வேறு, அது ஆல்கா. இங்கே பேசப்போவது தண்டும் இலையும் உள்ள, தடவினால் வெல்வெட் போலிருக்கும் பாசியைப் பற்றி. பள்ளிப் புத்தகத்தில் மாஸ் என்று படித்திருப்பீர்கள்.

சிமெண்ட் பூசிய மதிலில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு: ஹையோஃபிலா இன்வலூட்டா, பார்புலா இண்டிகா. ஒரே குடும்பம், ஏறத்தாழ ஒரே உயரம், அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர். மழை விட்டதும் பார்த்தால் இரண்டும் குட்டிக் குட்டிப் பச்சை நட்சத்திரங்கள்தான். பெரும்பாலோர் பாசி தேடிப் போவதும் அந்த நேரத்தில்தான், தவறு நேர்வதும் அங்கேதான். முதல் பார்வை மதில் காய்ந்து கிடக்கும்போது இருக்கட்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முகத்தை மதிலை நோக்கிக் கொண்டுபோங்கள். காய்ந்த ஹையோஃபிலாவின் இலையில் இரு ஓரமும் உட்பக்கம் சுருண்டு, சுருட்டிய வெற்றிலை மாதிரி குழலாகியிருக்கும். 'இன்வலூட்டா' என்றாலே உள்ளே சுருண்டது என்றுதான் பொருள். பார்புலாவின் இலை குழலாகாது, முறுகிக் கிடக்கும். அதன் ஓரம் கீழ்ப்பாதியில் முதுகுப் பக்கமாக மடிந்திருக்கும். ஓரம் மடியும் திசைதான் இங்கே முதல் அடையாளம்.

இனி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஹையோஃபிலா கண்ணெதிரே விரியும். இலை நாக்கு வடிவம், நடுவுக்கு மேலேதான் அகலம் கூடும், நுனியருகே சின்னச் சின்னப் பற்கள். பார்புலாவின் இலை அதைவிட ஒடுக்கம், நுனியில் அந்தப் பற்கள் இல்லை. மைக்ராஸ்கோப் கையில் இருந்தால் நடுநரம்பின் முதுகையும் பாருங்கள்: பார்புலாவில் அது சொரசொரப்பாக, நுண்மேடுகளோடு இருக்கும். இரண்டிலுமே இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில், ஜெம்மா என்கிற நுண்மணிகள் வரும்; உதிர்ந்து புதுச் செடியாக முளைப்பவை அவை. மணி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

செடியிலிருந்து எழும் மெல்லிய காம்பின் உச்சியில் ஸ்போர்ப் பெட்டி, அதாவது பாசி பரவ உதவும் நுண்தூள் நிறைந்த சிமிழ், கிடைத்தால் வேலை சுலபம். மூடி விழுந்தபின் ஹையோஃபிலாவின் வாய் மொட்டையாக இருக்கும். பார்புலாவின் வாயில் நூல் போன்ற பற்கள் கயிறு திரித்தாற்போல முறுக்கிக்கொண்டு நிற்கும். 'சின்னத் தாடி' என்று பொருள்படும் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஆனால் பழைய பெட்டியில் பற்கள் ஒடிந்து போயிருக்கும், அதைப் பார்த்து ஹையோஃபிலா என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. மூடி விழும் நிலையில் உள்ள பெட்டியை நனைத்து, ஊசியால் மூடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். இன்னொன்று: ஒரு கொத்தில் இரண்டு இனமும் கலந்து வளரும். காம்பைக் கீழே வரை பின்தொடர்ந்து, அது எந்தச் செடியிலிருந்து கிளம்புகிறது என்று உறுதி செய்யாமல் பெட்டியை நம்பக் கூடாது.

தென்னை மூட்டில் வெளிறிய பச்சையாக, காய்ந்தால் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஆக்டோபிளிஃபாரம் அல்பிடம். மலைக்காட்டு லியூக்கோப்ரையமும் இதே வெளிறல்தான். முந்தையதன் இலை மேற்பகுதியில் பட்டையாக, தடித்து, எளிதில் ஒடியும். பிந்தையதன் இலை மேலே குவிந்து, கிட்டத்தட்டக் குழாய் போல ஆகும். பெட்டி வாயில் பற்களை எண்ணினால் சந்தேகமே இல்லை: முதலாவதற்கு 8, இரண்டாவதற்கு 16. எட்டு இமை என்ற பொருளில்தான் அந்த நீளப் பெயரே வந்தது.

மாதிரி எடுக்க மொக்கைக் கத்தி போதும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலக் கொத்தை, ஒட்டிய மண்ணோடு சுரண்டி, நாளிதழ்த் தாளில் மடித்த உறையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். உறைமேல் ஊர், தேதி, சிமெண்டா பாறையா மரமா, வெயிலா நிழலா என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். இலையைப் பிரிக்கும்போது தண்டின் நடுப்பகுதியிலிருந்து எடுங்கள். அடியிலைகள் சிதைந்திருக்கும், நுனியிலைகள் முதிர்ந்திருக்காது. தண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு இலையைக் கீழ்நோக்கி இழுத்தால் அடிப்பாகம் முழுசாக வரும். இலையை நனைத்துப் பார்க்கும்போது காற்றுக் குமிழி மறைத்தால் அந்தத் தண்ணீரில் துளி சோப்பு சேர்த்தால் போதும்.

பெட்டியும் இல்லை, இலையும் தெளிவில்லை என்றால் உறையில் பேரினப் பெயரை (இரட்டைப் பெயரின் முதல் சொல்லை) மட்டும் எழுதி வைத்துவிட்டு, மழைக்காலம் ஓய்ந்தபின் அதே மதிலுக்கு மறுபடி போங்கள். வணக்கம்.