தகரப் பெட்டிக்குள் இருக்கும் ஊர் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர் தோட்டப்பட்டணத்தில் ஒரு வரலாற்றுக் கழகம் என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்தலாம், அவற்றை எப்படி நடத்தினால் பயன் இருக்கும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். புதிதாகக் கழகம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கட்டடத்துக்குப் பணம் திரட்டுவதை ஐந்து வருடம் தள்ளிப் போடுங்கள். அதுவரை பெயர்களைத் திரட்டுங்கள்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்த மூவரின் பெயரும் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அன்று விடியற்காலை அதே தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்றவர்களின் பெயர் எந்த நூலில் இருக்கிறது? ஜப்பானியர் ஆட்சியில் போட்ட சயாம்-பர்மா மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, 1942லும் 43லும் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. தோட்டம் கைமாறும்போது, ஆள்பெயரும் வேலைநாளும் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் குப்பைக்குப் போயின. மிச்சம் இருப்பது வீட்டு அலமாரிக்கு மேலே, தகரப் பெட்டியில், பழைய துணிக்கு அடியில் இருக்கிறது.

அந்தப் பெட்டியைத் திறக்க வைக்கும் நிகழ்ச்சிதான் படம் சேகரிக்கும் நாள். ஊர் மக்கள் பழைய படங்களையும் பத்திரங்களையும் கொண்டு வருவார்கள், அங்கேயே ஸ்கேன் எடுத்து அசலைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அசலை வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. "அடுத்த வாரம் தருகிறோம்" என்று ஒரே ஒரு குடும்பத்திடம் சொல்லி அது ஒரு மாதமாக இழுத்தால், அந்த லயத்திலிருந்து, அதாவது அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பிறகு யாரும் வரமாட்டார்கள்.

எந்த நாளில் வைப்பது என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் இப்போது தோட்டத்தில் இல்லை. ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை அவர்களெல்லாம் திரும்பி வருவது தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு. ஆகவே நகர மண்டபத்தில் தனியாக ஒரு நாள் வைத்து ஆள் கூப்பிடுவதைவிட, தீமிதிக்கு மறுநாள் காலையில் கோவில் மண்டபத்திலேயே மேசை போடுவது நல்லது. கோவில் தலைவரிடம் மூன்று மாதம் முன்பே பேசி, திருவிழா அழைப்பிதழிலேயே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மின்சாரத்துக்கு மண்டபத்தை நம்ப வேண்டாம். ஒலிபெருக்கிக்காரரின் வயரில் ஸ்கேனரைச் செருகினால், அவர் கழற்றிக்கொண்டு போகும்போது உங்கள் வேலையும் நின்றுவிடும். தனி இணைப்பு வேண்டும்.

நான்கு மேசை போதும். முதல் மேசையில் பதிவு: கொண்டு வந்ததை எண்ணி, உறையில் போட்டு, உறைமேல் எண் எழுதி, எண்ணிக்கைக்கு ரசீது கொடுப்பது. இரண்டாவது மேசையில் விவரம் கேட்டு எழுதுவது. மூன்றாவதில் ஸ்கேன். நான்காவதில் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. இதில் இரண்டாவது மேசைக்குத்தான் உங்களிடம் உள்ள சிறந்த ஆட்களை உட்கார வையுங்கள். கணினி தெரிந்த இளைஞர்கள் எல்லாரும் ஸ்கேனரைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். ஸ்கேன் ஒரு நிமிட வேலை. விவரம் எழுதுவது நான்கைந்து நிமிடம் பிடிக்கும். அந்தக் கணக்கில் ஒரு ஆள் மணிக்குப் பதினைந்து படத்துக்கு மேல் பார்க்க முடியாது. எனவே ஒரு குடும்பத்துக்கு முதல் சுற்றில் பத்துப் படம் என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று பேர் ஆல்பத்தோடு வந்தாலே அன்றைய நாள் முடிந்துவிடும், ஒற்றைப் படத்தோடு வந்த பாட்டி காத்திருந்து அலுத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

விவரத்தாளில் படத்தில் இருப்பவர்களை முன்வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக எழுத வேண்டும். ஒரே தோட்டத்தில் நான்கு முனியம்மா இருந்திருப்பார்கள், ஆகவே தகப்பனார் பெயரும், தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு), எத்தனையாவது லயம் என்பதும் சேர வேண்டும். பட்டப்பெயரும் எழுதுங்கள், ஏனென்றால் மற்றவர்கள் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பெண்களை "கிராணி சம்சாரம்", "தண்டல் வீட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர், தண்டல் என்றால் மேற்பார்வையாளர். அதோடு விடாதீர்கள். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாவிட்டால் வரிசையில் நிற்கிற இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்கேன் அளவைப் பொறுத்தவரை சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200, நெகட்டிவுக்கு 2400. பத்திரப்படுத்த டிஃப் கோப்பாக ஒன்று, குடும்பத்துக்கு அனுப்ப ஜேபெக் ஒன்று. படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். சட்டத்துக்குள் இருக்கும் படம் நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தால் முகமே கண்ணாடியில் நின்றுவிடும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பிம்பத்தைத் தடுத்து, கண்ணாடியோடு கேமராவில் எடுங்கள். பழைய அடையாளக் கார்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம், கப்பல் டிக்கட் போன்றவற்றை லேமினேட் செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பசையைப் பிறகு எடுக்க வழியே இல்லை. 1960ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகங்கள் நம் ஊர் வீடுகளில் இன்னும் இருக்கும். செலோடேப் ஒட்டி வைத்திருந்தால் அதையும் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் எடுங்கள்.

படம் எந்த வருடம் என்று தெரியாதபோது படத்துக்குள்ளேயே தேடலாம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுத்த படமா, கொடி தெரிகிறதா என்று பாருங்கள். மலாயாக் கொடியில் பதினொரு கோடு. 1963 செப்டம்பர் 16க்குப் பிறகு மலேசியக் கொடியில் பதினான்கு. நன்றாக ஸ்கேன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இதை எண்ணிவிடலாம். லயத்தைச் சுற்றி முள்வேலி தெரிந்தால் அவசரகாலமாக இருக்கலாம். தாத்தா, ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் அரசாங்க உதவியில் வந்தவர் என்றால் 1938லோ அதற்கு முன்போ வந்தவர், ஏனென்றால் அந்த வருடம் இந்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. தாத்தா இந்தியாவிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தார் என்று மட்டும் சொன்னால் வருடம் பிடிபடாது. அது 1926லிருந்து 1970களின் தொடக்கம் வரை ஓடியது.

சேகரித்த பிறகும் பெயர் தெரியாத படங்கள் நிறைய மிஞ்சும். அவற்றுக்குத் தனியாக ஒரு காலை வேளை வேண்டும். ஒரே டிவிஷனைச் சேர்ந்த பெரியவர்கள் ஆறு முதல் எட்டுப் பேர், அதற்கு மேல் வேண்டாம். படத்தை ஏ3 தாளில் பெரிதாக்கி, மேலே மெல்லிய தாளை வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். திரையில் காட்டினால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தாள் என்றால் கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார்கள். பழைய கிராணியோ தண்டலோ அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். பழக்கம் அப்படி. பால்வெட்டியவர்களையும் களைவெட்டிய பெண்களையும் வேறு மேசையில் உட்கார வைத்து, அதே படத்தைத் தனியாகக் கேளுங்கள். இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் எதைச் சொன்னார் என்றும் குறியுங்கள். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

அடுத்தது குரல் பதிவு. இதில் கெட்டுப்போவது முதலில் ஒலி. மின்விசிறி, கோழி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தகரக் கூரையில் விழும் மழை. பெரும்பாலான நாட்களில் மழை மாலையில்தான் பிடிக்கும், எனவே காலை ஒன்பதுக்கு ஆரம்பியுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். இரண்டு நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேட்டுப் பார்க்காமல் தொடரக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எழுதாத பதிவை யாரும் தேடி எடுக்க முடியாது.

"அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா பாட்டி?" என்று கேட்டால் "ஆமாப்பா" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? கையில என்னென்ன எடுத்துக்கிட்டுப் போவீங்க? உங்க நெரையில எத்தனை மரம்? மழை பெஞ்சா அன்னைக்குச் சம்பளம் உண்டா? பிள்ளைய ஆயாக்கொட்டகையில யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று கேளுங்கள். பால் பிடிக்கும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று பேச்சு தானாக விரியும். அடையாளக் கார்டில் உள்ள பிறந்த வருடம் பல நேரம் குத்துமதிப்பாக எழுதியது. ஜப்பான்காரன் வந்தபோது நடக்கத் தெரியுமா, பள்ளிக்கூடம் போனீர்களா, பால்வெட்டிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டால் உண்மையான வயதுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

சம்மதத் தாள் கட்டாயம். எல்லாருக்கும் கேட்கக் கொடுக்கலாம், குடும்பத்துக்கு மட்டும், என் காலத்துக்குப் பிறகு, என்று மூன்று வழி வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். அவசரகாலத்தில் யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்ற பேச்சு வரும். அந்தக் குடும்பங்கள் இன்றும் இதே ஊரில் ஒன்றாகப் பொங்கல் வைக்கின்றன. அந்தப் பகுதியை அழிக்கவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம். பூட்டி வையுங்கள்.

ஊர் நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டும், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு வழிகாட்டிக்கு இருபது பேர். இடிந்துபோன ரப்பர் பால் ஸ்டோர் இருந்த இடத்தில் நின்று பழைய படத்தை உயர்த்திக் காட்டினால் போதும், நீண்ட சொற்பொழிவு வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தோட்டத்து இடுகாடு சற்றுக் கவனம் கேட்கும். கல்லெழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, மாவு பூசுவது, கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது, குளோரோக்ஸ் வெளுப்பான் ஊற்றுவது எல்லாம் கல்லைத் தின்றுவிடும். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பிறகு ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விட்டால் எழுத்து எழுந்து நிற்கும். பிழையோடு இருந்தாலும் வரிக்கு வரி அப்படியே எழுதுங்கள். தமிழ் வருடம் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சித்திரபானு என்றால் 1942 ஏப்ரல் முதல் 1943 ஏப்ரல் வரை. மாதம் தெரியாமல் 1942 என்று போட முடியாது. அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பவும் வரும்.

சேர்த்தவற்றுக்கு மூன்று பிரதி வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று இணையச் சேமிப்பு. ஒரு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும், செயலாளர் வீட்டில் வெள்ளம் வந்தால் எல்லாம் சேர்ந்து போகக் கூடாது. கழகத்துக்கே அசலைக் கொடுக்க விரும்பும் குடும்பம் இருந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தை அணுக உதவுங்கள். குளிரூட்டிய அறை இல்லாத கழகம் அசலை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக ஒன்று, இது காத்திருக்காத வேலை. தோட்டம் வீட்டுமனைக்குப் போகிறது, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது என்று தெரிந்தால், மற்ற எல்லா நிகழ்ச்சியையும் ஒத்திவைத்துவிட்டு அங்கே போங்கள். கதவில் பெயிண்டில் எழுதிய வீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். எந்த எண்ணில் எந்தக் குடும்பம் இருந்தது என்று அங்கே இருப்பவர்களை வைத்தே வரைபடம் போடுங்கள். கோவில் உபயக் கல், பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை, பெரட்டுக் களம், தண்ணீர்க் குழாய் இருந்த இடம், எல்லாவற்றையும் அந்த வரைபடத்தில் குறியுங்கள். எல்லாரும் பொருள் ஏற்றும் லாரிக்குக் காத்திருக்கும் நாளில் யாருக்கும் பேச நேரம் இருக்காது, அதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள். நன்றி, வணக்கம்.