புதுசா கார் ஓட்டுறீங்க, இடிச்சுட்டீங்க: அடுத்து என்ன?

வணக்கம் மக்களே. லைசென்ஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வலது பக்கம் திரும்பும்போது எதிர்ல வந்த பைக்கைக் கவனிக்காம இடிச்சுட்டீங்க. தப்பு உங்க மேல. பைக்ல வந்தவர் கீழ கிடக்கிறார். இதுக்கு அப்புறம் என்னென்ன வரும்னு தமிழ்நாட்டு நடைமுறைப்படி சொல்றேன்.

முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஹசார்டு லைட் போடுங்க. ஏர்பேக் விரிஞ்சிருந்தா உள்ள வெள்ளையா பவுடர் பறக்கும், பட்டாசு வெடிச்ச மாதிரி வாடை வரும். அதைப் பார்த்து வண்டி தீப்பிடிச்சிருச்சுன்னு பதறாதீங்க. பெட்ரோல் வாடை வந்தா மட்டும் எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க. டிக்கில இருக்கிற சிவப்பு முக்கோணத்தை பின்னாடி 50 மீட்டர் தள்ளி வைங்க. நடந்து பார்த்தா ஏறக்குறைய 70 எட்டு.

உடனே 108. அடிபட்டவரைக் கையைப் பிடிச்சுத் தூக்கி உக்கார வைக்கிறது, வாயில தண்ணி ஊத்துறது, ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டுறது, இந்த மூணையும் சுத்தி நிக்கிறவங்க நல்ல மனசோடதான் செய்வாங்க. நீங்க தடுக்கணும். கழுத்து எலும்புல அடி இருந்தா, தூக்குற அந்த ஒரு அசைவுல கை கால் செயலிழந்து போகலாம். தண்ணி குடிச்சவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம். ரத்தம் வந்தா சுத்தமான துணியை மடிச்சு வச்சு அழுத்திப் பிடிங்க. நின்னுருச்சான்னு எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.

ஆஸ்பத்திரி செலவை நினைச்சு அங்கேயே பேரம் பேச வேண்டியதில்லை. 2021-ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு. திட்டத்துல சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கு.

கூட்டம் கூடும். அடிச்சுருவாங்களோன்னு பயம் வரும். புதுசா ஓட்டுறவங்க வண்டியை எடுத்துட்டு ஓடுறதுக்குப் பெரிய காரணமே இந்தப் பயம்தான். சட்டத்துக்கும் அது தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு, அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்க வழி பண்ண வேண்டியது டிரைவரோட கடமைன்னு சொல்லுது. கும்பல் ஆவேசத்தால அது முடியலைன்னா விலக்கும் கொடுக்குது. அதனால உயிருக்கு ஆபத்துன்னு பட்டா அங்கிருந்து கிளம்பலாம். ஆனா வீட்டுக்குப் போகக்கூடாது, நேரா பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும். 108-க்கும் 100-க்கும் போன் போட்டுக்கிட்டே போங்க. எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லியாகணும். சொல்லலைன்னா அதுவே தனிக் குற்றம், 6 மாசம் வரைக்கும் சிறை.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிறது. வீட்டுக்கு போன் போட்டதும் ஒரு பெரியவர் சொல்லுவார்: "நீ பேசாம இரு, அண்ணன்தான் ஓட்டினான்னு சொல்லிடலாம்." தயவுசெஞ்சு செய்யாதீங்க. சிசிடிவி இருக்கு, பார்த்தவங்க இருக்காங்க, சீட் பெல்ட் இழுத்த தழும்பு உங்க தோள்லதான் இருக்கும். அண்ணன் போன் எந்த டவர்ல இருந்துச்சுன்னும் எடுத்துருவாங்க. உங்ககிட்ட செல்லுபடியாகிற லைசென்ஸ் இருந்தா, உண்மையைச் சொன்னாலே இன்சூரன்ஸ் நிக்கும். ஆளை மாத்தினா, நல்லா இருந்த கிளெய்மை நீங்களே பொய்க் கிளெய்மா ஆக்கி ரெண்டு பேரையும் கேஸ்ல மாட்டி விடுறீங்க. எல்எல்ஆர் வச்சு ஓட்டினவங்களுக்கும் இதேதான். பக்கத்து சீட்ல லைசென்ஸ் உள்ளவர் இருந்து, எல் போர்டும் மாட்டியிருந்தா நீங்க முறையாத்தான் ஓட்டியிருக்கீங்க. அதை மறைக்க எதுவும் இல்லை.

பணம் கொடுத்து முடிச்சுக்கலாம்னு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போடுறதும் வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனியோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம தப்பை ஒத்துக்கவோ, பணம் தர்றேன்னு வாக்கு கொடுக்கவோ கூடாதுன்னு உங்க பாலிசிலயே நிபந்தனை இருக்கு. அடிபட்டவர் பக்கத்துல இருங்க, ஆம்புலன்ஸ்ல ஏத்தி விடுங்க, அவர் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்க. தொகை மட்டும் பேசாதீங்க. போலீஸ்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லணும், அது வேற.

ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடுவாங்க. 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள்தான். அஜாக்கிரதையா ஓட்டினதுக்கு 281, காயத்துக்கு 125(a), எலும்பு முறிவு மாதிரி கொடுங்காயத்துக்கு 125(b), உயிர் போயிட்டா 106(1). கடைசிப் பிரிவுல 5 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. நாலுமே ஜாமீன்ல விடக்கூடியவை, அதனால பெரும்பாலும் ஸ்டேஷன்லயே ஜாமீன் கிடைக்கும். குடிச்சிருந்தா கதையே வேற. லைசென்ஸை கொஞ்ச காலத்துக்கு ஆர்டிஓ முடக்கி வைக்கவும் வாய்ப்பிருக்கு.

கார் ஸ்டேஷன்ல நிக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், வந்து பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் பார்த்து, வண்டிக் கோளாறால நடந்த விபத்தா இல்லையான்னு ரிப்போர்ட் கொடுப்பார். அதுக்கு முன்னாடி எதையும் கழட்டாதீங்க, கழுவாதீங்க. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்னைக்கே சொல்லுங்க. பாலிசி நம்பர், நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டினவர் லைசென்ஸ் விவரம், இத்தனையும் எழுத்துல போகணும். எதிராளிக்குக் காயமோ மரணமோன்னா தேர்டு பார்ட்டி பாலிசில (உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகிற பாதிப்புக்கான பாலிசி) உச்சவரம்பே கிடையாது. அவரோட பைக், கடைச் சுவர் மாதிரி பொருள் சேதத்துக்கு, வாடகைக்கு ஓடாத சொந்த உபயோகக் காரா இருந்தா, 7.5 லட்சம் வரைக்கும்.

உங்க கார் ரிப்பேருக்கு தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா ஒரு ரூபாயும் வராது. முழு பாலிசி இருந்தாலும் 1500 சிசி வரைக்கும் முதல் 1,000 ரூபாய், அதுக்கு மேல உள்ள காருக்கு 2,000 ரூபாய் உங்க கைக்காசு. பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்குப் பாதிதான் தருவாங்க. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பம்பர் பாகம் மட்டும் 8,000 ரூபாய்னா, 4,000 ரூபாயும் அந்த 1,000 ரூபாயும் உங்க தலையில. பம்பர் டு பம்பர்ங்கிற கூடுதல் கவர் எடுத்திருந்தா அந்தப் பாதிக் கழிவு இருக்காது. கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷத்துக்குப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) போயிடும், அதனால சின்ன நசுங்கலுக்கு ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்க. அடிபட்டவர் கேட்கிற தேர்டு பார்ட்டி இழப்பீட்டால அந்த போனஸ் போகாது.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் முதல் அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்பணும். டிரைவரா நீங்க படிவம் 3-ஐ 30 நாளுக்குள்ள நிரப்பிக் கொடுக்கணும். அப்புறம் மாசக்கணக்குல சத்தமே இருக்காது. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது தீர்ப்பாயத்துல இருந்து நோட்டீஸ் வரும். கம்பெனி பார்த்துக்கும்னு பரண்ல போட்டுடாதீங்க. நீங்க போகாம, லைசென்ஸும் தாக்கல் ஆகலைன்னா, "முதல்ல கம்பெனி கொடுக்கட்டும், பிறகு கார் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்"னு தீர்ப்பு வரலாம். கார் அப்பா பேர்ல இருந்தா அந்த வசூல் அப்பாகிட்டதான். நோட்டீஸ் கைக்கு வந்த அன்னைக்கே ஒரு நகலையும், லைசென்ஸ், ஆர்சி, பாலிசி நகல்களையும் சேர்த்து கம்பெனிக்கு அனுப்பி, வாங்கிக்கிட்டதுக்கு ஒப்புகை வாங்கி வைங்க.