சிறு குமிழி சுவரோரம், பெரிய குமிழி நடுவே

[காட்சி: உயரமான கண்ணாடித் தொட்டி. அடியில் ஊசிமுனை. ஒற்றைக் குமிழி கிளம்புகிறது.]

இந்தக் குமிழியின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நூல் பிடித்தாற்போல் நேராக ஏறுகிறது.

[காட்சி: பெரிய ஊசி. குமிழி நெளிந்து நெளிந்து ஏறுகிறது.]

இதன் விட்டம் இரண்டரை மில்லிமீட்டர். தண்ணீர் அசையவில்லை, யாரும் தள்ளவுமில்லை. ஆனாலும் இடமும் வலமுமாக ஆடுகிறது. சில நேரம் திருகுசுருளாகச் சுற்றுகிறது. 500 ஆண்டுகளுக்கு முன்பே லியொனார்டோ டாவின்சி இதைக் கவனித்திருக்கிறார். ஆட்டம் எந்த அளவில் தொடங்குகிறது என்று மிகுவேல் ஹெராடா, யென்ஸ் எகர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2023இல் வெளியிட்டார்கள்: ஆரம் 0.926 மில்லிமீட்டர், அதாவது விட்டம் ஏறத்தாழ 1.85 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் நேர்வழி நிலைக்காது.

[காட்சி: குமிழியின் அண்மைக் காட்சி, மெதுவாக.]

காரணம் வடிவத்தில் இருக்கிறது. ஏறும் குமிழி மேலே கூராக இருக்கும் என்றே பலரும் நினைப்போம். பாருங்கள், சட்டைப் பொத்தான்போலத் தட்டையாக இருக்கிறது! உச்சியில் தண்ணீர் மோதுவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. பக்கங்களில் தண்ணீர் விரைந்து வழுக்கிச் செல்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. தண்ணீரின் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசை, குமிழியை உருண்டையாக்கப் பார்க்கிறது. குமிழி பெரிதாகப் பெரிதாக அந்தப் பிடி தளர்கிறது.

தட்டையான குமிழி சற்றே சாய்ந்தால் ஒரு பக்கம் வளைவு கூடும். அங்கே தண்ணீர் வேகமெடுக்கும், அழுத்தம் விழும், அது குமிழியைப் பழைய நிலைக்கு இழுக்கும். பிறகு மறுபடியும் சாய்வு. உள்ளே இருக்கும் காற்றின் எடை, அதே பருமனுள்ள தண்ணீரின் எடையில் ஏறத்தாழ 800இல் ஒரு பங்குதான். ஆகவே குமிழி திரும்பும்போது உண்மையில் இடம்பெயர்வது சுற்றியுள்ள தண்ணீர். எனக்கு இதில் மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

சில சென்டிமீட்டர் அகலமுள்ள குமிழி, அடி தட்டையான குடையாகவே மாறிவிடும்.

[காட்சி: நிமிர்ந்த கண்ணாடிக் குழாய். தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது.]

இனி ஓடும் தண்ணீர். குழாயின் நடுவில் ஓட்டம் வேகம், சுவரோரம் மெதுவு. குமிழி தண்ணீரை முந்திக்கொண்டு ஏறுகிறது. சுவர்ப் பக்கத்துத் தண்ணீர் அதிகம் பின்தங்குவதால், குமிழியைப் பொறுத்தவரை அந்தப் பக்கமே தண்ணீர் அதிக வேகத்தில் கடந்து போகிறது. வேகம் கூடிய பக்கம் அழுத்தம் குறைவு. ஆகவே சிறு குமிழி சுவரை நோக்கி ஒதுங்குகிறது.

விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரைத் தாண்டிய குமிழியோ நடுவுக்குப் போகிறது! அது நசுங்கிவிட்டது, அதன் பின்னே வரும் சுழிப்பும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதனால் பக்கவாட்டு விசையின் திசையே தலைகீழாகிறது. குமிழி எவ்வழி போகும் என்பதை வடிவம் தீர்மானித்துவிட்டது.

[காட்சி: ஓட்டம் நிற்கிறது. தண்ணீர் இப்போது கீழ்நோக்கி ஓடுகிறது.]

அதே குழாய், அதே சிறு குமிழிகள். இப்போது குமிழியை அதிக வேகத்தில் கடந்து போவது நடுவிலுள்ள தண்ணீர். ஆகவே அவை சுவரை விட்டு விலகி, நடுவில் வந்து கூடுகின்றன.