டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்னும் பின்னும்

[திரையில்: சீல் வைத்த உறைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன]

டெண்டர் திறக்கும் நாளில் பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். எல்லோர் முன்னாலும் உறைகளைப் பிரிப்பார்கள், விலையை உரக்கப் படிப்பார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். பல நாடுகளில் இப்போது இதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. தணிக்கைக்கு ஆள் வந்தால் காட்ட எல்லாத் தாளும் இருக்கும். ஆனால் வேலை யாருக்கு என்பது அதற்குப் பல வாரங்கள் முன்பே முடிவாகியிருக்கலாம்.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 முதல் 13 சதவீதம் அரசுக் கொள்முதலுக்குப் போகிறது. சாலை, மருந்து, பள்ளிக் கட்டடம் எல்லாம் இதில்தான் வருகின்றன. இவ்வளவு பணத்துக்கும் காவலாகத் திறப்பு நாளை மட்டும் நம்ப முடியாது.

[திரையில்: டெண்டர் ஆவணத்தின் ஒரு பக்கம், இரண்டு வரிகள் பெரிதாகின்றன]

தகுதி நிபந்தனைகள் எழுதப்படும் மேசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு அலுவலகத்துக்குக் கணினி தேவை. எவ்வளவு நினைவகம், எவ்வளவு வேகம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டால் பல நிறுவனங்கள் போட்டிக்கு வரும். அதையே பெட்டியின் தடிமன் இத்தனை மில்லிமீட்டர், எடை இத்தனை கிராம் என்று எழுதினால் சந்தையில் ஒரே ஒரு மாடல்தான் மிஞ்சும். எந்த பிராண்டின் பெயரும் ஆவணத்தில் இருக்காது. விதி மீறப்படவில்லை, போட்டி மட்டும் செத்துவிட்டது.

ஆண்டு விற்றுமுதல் நிபந்தனையும் இதே வேலையைச் செய்யும். சிறிய வேலைக்கு மலையளவு விற்றுமுதல் கேட்டால் சின்ன நிறுவனங்கள் வாசலிலேயே நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை இதற்கு ஒரு வரம்பு வைத்தது: தகுந்த காரணம் சொல்லாமல், ஒப்பந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்றுமுதல் கேட்கக் கூடாது. எண்ணில் எழுதிய விதி என்பதால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நிபந்தனைகளின் வரைவை முன்கூட்டியே வெளியிட்டு, ஒருவர் கேட்கும் சந்தேகத்துக்கான பதிலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் இந்தத் தந்திரங்களில் பாதி அங்கேயே அம்பலமாகும்.

சரி, யார் ஜெயிப்பது, என்ன விலை என்று போட்டியாளர்களே தங்களுக்குள் பேசிவைத்து சிண்டிகேட் போட்டுக்கொண்டால்? தடயம் விலைப்பட்டியலிலேயே கிடக்கும். இரண்டு நிறுவனங்களின் ஆவணங்களில் ஒரே எழுத்துப்பிழை, தோற்றவர்களின் விலைகளுக்கு இடையே ஒரே சதவீத இடைவெளி, ஜெயித்தவரிடம் தோற்றவரே துணை ஒப்பந்தம் எடுப்பது. பழைய டெண்டர்களை அடுக்கி வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தணிக்கைக்குப் பயந்து, ஒரு முத்திரை விட்டுப்போனது என்பதற்காகவே நல்ல ஒப்பந்தப்புள்ளியைத் தள்ளிவிடும் அதிகாரிகள் இருக்கிறார்கள். விலையையோ தரத்தையோ தொடாத குறையைத் திருத்திக்கொள்ள எல்லோருக்கும் ஒரே அளவு அவகாசம் தரலாம் என்று விதியிலேயே எழுதிவிட்டால், நேர்மையான அதிகாரிக்கும் அது பாதுகாப்பு.

[திரையில்: நாட்காட்டி, பத்து நாட்கள் நிறம் மாறுகின்றன]

இனி, முடிவு அறிவித்த பிறகு. 1996இல் ஆஸ்திரிய அரசு தன் நெடுஞ்சாலைகளுக்கான தரவுப் பரிமாற்ற அமைப்பு ஒன்றுக்கு டெண்டர் விட்டது. வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்த அன்றே ஒப்பந்தத்திலும் கையெழுத்தாகிவிட்டது. மற்ற போட்டியாளர்களுக்குச் செய்தித்தாள் மூலமாகத்தான் விஷயமே தெரிந்தது. கையெழுத்தான பிறகு முறையிட்டு என்ன பயன்? அல்காடெல் வழக்கு என்று அறியப்படும் இந்த வழக்கில், முடிவை எதிர்த்து அதை ரத்து செய்யக் கோரும் வாய்ப்பு கையெழுத்துக்கு முன்பே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2007இல் அது சட்டமானது. முடிவை மின்னணு வழியில் தெரிவித்தால், கையெழுத்துப் போடக் குறைந்தது 10 நாள் காத்திருக்க வேண்டும். ஏன் தோற்றோம், ஜெயித்தவரிடம் என்ன மேன்மை இருந்தது என்ற காரணமும் அந்தக் கடிதத்தோடு போக வேண்டும். காரணம் எழுதியாக வேண்டும் என்று தெரிந்தாலே மதிப்பீட்டுக் குழு கவனமாக மதிப்பெண் போடும். பெரிய செலவில்லாத இந்தச் சீர்திருத்தத்தை இன்னும் தள்ளிப்போடும் அரசுகளை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

[திரையில்: ஒப்பந்தத் தொகை படிப்படியாக உயர்கிறது]

அப்புறம், யாரும் எட்டிப் பார்க்காத கட்டம். அடிமாட்டு விலைக்கு வேலையை எடுத்து, பிறகு 'கூடுதல் வேலை' என்று தொகையை ஏற்றிக்கொள்வது. உண்மையில் தோற்றவரின் விலையே குறைவு என்று ஆகிவிடும். ஐரோப்பிய நெறிமுறைப்படி, சிறு மாற்றம் என்ற பெயரில் கட்டுமான வேலையில் 15 சதவீதத்துக்கும், பொருள், சேவைகளில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூட்ட முடியும்.

ஸ்லோவாக்கியா 2011இல் இன்னும் கடுமையாகப் போனது. அரசு ஒப்பந்தம் இணையத்தில் வெளியாகும்வரை நடைமுறைக்கு வராது. மூன்று மாதத்துக்குள் வெளியாகாவிட்டால் ஒப்பந்தமே போடவில்லை என்று பொருள். எல்லா நாடுகளும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். கூடவே ஒன்று: தொகையை உயர்த்தும் ஒவ்வொரு திருத்தமும், அதற்கான காரணமும், ஒப்புதல் தந்தவரின் பதவியும் மூல ஒப்பந்தம் இருக்கும் அதே பக்கத்தில் வர வேண்டும். வராத திருத்தத்துக்கு பில் பாஸ் ஆகக் கூடாது.