இராவணன் வெட்டிலிருந்து ராமாவைப் பார்த்தால்

மைக் கொஞ்சம் இரைகிறது, பின்வரிசையில் கேட்காவிட்டால் கையைக் காட்டுங்கள். இன்றைக்கு நான் கதைக்க வந்தது ஒரே ஒரு நாவலைப் பற்றி. ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எழுதி 1973இல் வெளிவந்த 'ரோந்தேவூ வித் ராமா'. நம்முடைய திருகோணமலையில், கோணேசர் கோயில் மலையில் இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்கிற பிளவுதான் இராவணன் வெட்டு. வாசலில் ஒரு ஐயா மறித்து, "இராவணன் வெட்டு இருக்கிற ஊரில் ராமாவைப் பற்றிப் பேசப் போகிறீரோ?" என்று கேட்டார். பெயர் வைத்தது நானில்லை ஐயா. கதையில் வானியலாளர்கள் விண்வெளியில் காண்கிற பொருட்களுக்குக் கிரேக்க, ரோமப் பெயர்களையெல்லாம் வைத்து முடித்துவிட்டு இந்துப் புராணங்களுக்கு வந்திருக்கிறார்கள், வரிசையில் அடுத்தது ராமா, அவ்வளவுதான்.

கிளார்க் நமக்குப் புது ஆள் இல்லை. 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேதான் இருந்தார். அவரை இங்கே இழுத்தது கடல். அவரும் அவரோடு சுழியோடுகிற நண்பர் மைக் வில்சனும் நம்முடைய சுவாமி மலையடியில் சுழியோடித்தான், 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் தண்ணீருக்கடியில் கண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நாவலை எழுதியது அவருக்குள் இருந்த சுழியோடி என்பதுதான் என் கட்சி. அதில் உள்ள நல்லது, கெட்டது இரண்டுக்கும் அதுதான் காரணம்.

கதை சுருக்கம் இவ்வளவுதான். 2131ஆம் ஆண்டு, சூரியனை நோக்கி ஒரு பொருள் வருகிறது, அதற்குத்தான் ராமா என்று பெயர். விண்கல் என்று நினைத்துக் கிட்டப் பார்த்தால் செய்து வைத்தது போல ஓர் உருளை, 50 கிலோமீற்றர் நீளம், 20 கிலோமீற்றர் அகலம். அதை எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில் இருப்பது நோர்ட்டன் என்கிற கப்டனின் கப்பல் ஒன்றுதான். சூரியனுக்கு மிகக் கிட்டப் போவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போகிறார்கள். கும்மிருட்டு.

இந்த இருட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் இராத்திரியில் கடலட்டைக்குச் சுழியோடப் போகிறவன். அவன் ஒருமுறை சொன்னான், "டோர்ச் பட்ட இடம் மட்டும்தான் கடல் அண்ணை, மிச்சம் எல்லாம் கறுப்பு. நாம் பிடித்துக்கொண்டிருப்பது சின்னக் கல்லா, பெரிய மலையா என்றே தெரியாது." ராமாவுக்குள் நுழைகிற அத்தியாயங்கள் அச்சொட்டாக இதுதான். உடம்பில் பாரம் இல்லை, காற்று அளவோடு, கையில் வெளிச்சம் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள் ஏணிப்படி, அப்புறம் இன்னும் படி. பிறகு ஒரு வெளிச்சக் குண்டை எறிந்து முழு உலகத்தையும் ஒரு தடவை பார்க்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன், பொய் சொல்லவில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு கணக்கு. உள்ளே ஆரை 8 கிலோமீற்றர், உருளை தன்னைத்தானே சுற்றுகிறது, 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று. கோணவேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பெருக்கினால் ஏறக்குறைய 5.5 வரும், அதாவது பூமியின் 9.8இல் பாதிக்குச் சற்று மேல். அச்சில் மிதக்கிறவனுக்கு இறங்க இறங்கப் பாரம் கூடுவது இதனால்தான். அந்த உருளையின் நடுவே வளையம் போல ஒரு கடல் ஓடுகிறது. வடகரைச் சுவர் 50 மீற்றர், தென்கரைச் சுவர் 500 மீற்றர். ஏன் இந்த வித்தியாசம்? லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு வண்டியில் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிப் போகும்போது, வண்டி வெடுக்கென்று இழுத்தால் தண்ணீர் பின்பக்கம் ஏறி வழியும் இல்லையா, அதேதான். சுவரின் உயரத்தை வைத்தே இந்தக் கலம் வேகமெடுக்கக்கூடியது என்று கண்டுபிடிக்கிறார்கள். யாரும் வந்து விளக்கம் சொல்லவில்லை, சுவர் சொல்கிறது. இந்த இடத்தில் கிளார்க்கை மிஞ்ச ஆளில்லை.

சரி, இப்போது கெட்டதற்கு வருவோம். முகமூடியைக் கட்டிக்கொண்டு வாயில் குழாயை வைத்தால் கதைக்க முடியாது. இந்த நாவலின் ஆட்களும் அப்படித்தான். நோர்ட்டனுக்குப் பூமியில் ஒரு மனைவி, செவ்வாயில் ஒரு மனைவி, இருவருக்கும் ஒரே செய்தியையே அனுப்புகிறார்! வேறொரு எழுத்தாளர் கையில் இது ஒரு முழு நாவல். இவர் கடந்து போய்விடுகிறார். பாரமில்லாத இடத்தில் பெண்களின் உடம்பைப் பற்றி ஒரு பந்தி வருகிறது, அதை என் மகளுக்கு வாசித்துக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது, 1973 என்று சாட்டுச் சொல்லியும் தப்ப முடியாது. புதன் கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் பயத்தில் ராமாவை அழிக்கக் குண்டு அனுப்புகிறார்கள். பெரிய விஷயம், ஆனால் ஒருவர் போய் வயரை வெட்டிவிட்டு வந்துவிடுகிறார். ஆபத்து வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

ஒரே ஓர் ஆள் மட்டும் மனதில் நிற்கிறான். ஜிம்மி பாக் என்கிற இளம்பிள்ளை, மிதித்துப் பறக்கிற சைக்கிளில் தனியே தென்முனைக்குப் போய் விழுந்துவிடுகிறான், திரும்பி வர வழியில்லை. அங்கே கம்பிக் கூட்டுக்குள் ஒரு பூவைக் கண்டு, உயிரோடு திரும்புவானா என்றே தெரியாத நேரத்தில் உள்ளே நுழைந்து அதைப் பறிக்கிறான். பிறகு அந்த 500 மீற்றர்ச் சுவரிலிருந்து சட்டையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கடலில் குதிக்கிறான். இராவணன் வெட்டில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குதி வயிற்றில் தெரியும்.

கடைசிவரை அந்தக் கலத்தைக் கட்டியவர்கள் வருவதே இல்லை. ராமா சூரியனிடம் சக்தியை உறிஞ்சிக்கொண்டு, நம்மைத் திரும்பியும் பாராமல் போய்விடுகிறது. இது ஏமாற்று என்று என் சிநேகிதர் சண்டை பிடிப்பார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடலடியில் தூணைக் கண்டவனுக்குத் தூண்தான் கிடைக்கும், செதுக்கிய சிற்பி எழுந்து வந்து கதைக்க மாட்டான். பிறகு கிளார்க் இன்னொருவரோடு சேர்ந்து தொடர்ச்சிகள் எழுதிப் பதில் சொன்னார். எனக்கு அவை ஒட்டவில்லை.

என்னிடம் ஒரு பழைய பிரதி இருக்கிறது, முதலில் கேட்கிற பிள்ளைக்குத் தருவேன். கடல் வருகிற பக்கத்தின் ஓரத்தில் என் பென்சில் கணக்கு இருக்கும், பிழை இருந்தால் திருத்திவிட்டுத் திருப்பித் தாருங்கள்.